என் மனையில் எத்தனை மாடி கட்டலாம்?



இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழில் 'திட்டமிடல் சட்டங்களைத் தொகுத்தல்' என்று போட்டிருக்கிறார்கள். படித்ததும் கொட்டாவி வந்திருந்தால் உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு கிரவுண்டோ அரை கிரவுண்டோ வாங்கிய எவரும் கேட்கிற முதல் கேள்வி இந்தத் தலைப்புக்குள்தான் ஒளிந்திருக்கிறது. என் மனையில் எத்தனை மாடி கட்டலாம்? பக்கத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும்? இதற்குச் சட்டத்தில் விடை உண்டு. அந்த விடையை மனைக்காரர் தானே தேடிப் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறதா என்றால், பெரும்பாலும் முடியவில்லை. யாரையாவது கேட்கிறார். அந்த 'யாராவது' சொல்கிற விடைக்கு ஒரு விலை இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தியாவில் நகர் அமைப்புக்கென்று முதலில் வந்தது 1915-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டம். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1920-இல், சென்னை மாகாணத்தின் நகரமைப்புச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1909-இல் போட்ட வீட்டுவசதி, நகரமைப்புச் சட்டத்தின் சாயல் இவற்றில் இருந்தது. நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் தன் நகரக் கண்காட்சியோடு சென்னைக்கு வந்துபோன காலம் அது. கட்டிடக் கலைஞர் லான்செஸ்டர் சென்னை மாகாண நகரமைப்பைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. இன்றைக்கும் நம் தலைக்கு மேல் இருப்பது அதுதான்.

இது ஒரு கிளை. இன்னொரு கிளை நகராட்சிச் சட்டங்களிலிருந்து வருகிறது. 1919-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டம், 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம், பிறகு மதுரைக்கு ஒன்று, கோயம்புத்தூருக்கு ஒன்று, ஊராட்சிகளுக்கு 1994-இல் ஒன்று. நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது முதல் கிளையின் விவகாரம். சுவர் எங்கே எழும்பலாம், சன்னல் எவ்வளவு அகலம், கழிவுநீர் எங்கே போகும் என்பவை இரண்டாம் கிளையின் விவகாரம். அதனால்தான் நம் ஊரில் திட்ட அனுமதி என்று ஒன்றும், கட்டிட அனுமதி என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கின்றன. 'பிளான் அப்ரூவல் வாங்கியாச்சு' என்று சொல்கிறவரிடம், இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் முழிப்பார்கள். முழிப்பதில் வியப்பில்லை, வித்தியாசத்தை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த இரண்டு கிளைகளிலிருந்தும் விதிகள் முளைத்தன. சென்னைப் பெருநகர எல்லைக்குள் மனை இருந்தால், 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற இரண்டாம் முழுமைத் திட்டத்தோடு வந்த வளர்ச்சி விதிகள். எல்லையைத் தாண்டி நகராட்சி என்றால் 1972-ஆம் ஆண்டுக் கட்டிட விதிகள். பலமாடியோ பொதுக் கட்டிடமோ என்றால் 1973-ஆம் ஆண்டின் தனி விதிகள். மலைநகரம் என்றால் 1993. ஊராட்சி என்றால் 1997. சென்னையில் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம், இவற்றுக்குக் கீழே உள்ளாட்சி அமைப்புகள். ஒவ்வொரு விதிப்புத்தகத்தின் முதுகிலும் அவ்வப்போது வந்த அரசாணைகள். ஒரே சாலையின் இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் வேறு விதி என்று புறநகர்களில் நடந்தது கதையல்ல.

இந்தக் குழப்பத்தில் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்ற சொல்லைக் கேட்காதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார். சென்னைப் பெருநகருக்கு வெளியே மனைப் பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் கொடுக்க வேண்டியது நகர் ஊரமைப்பு இயக்ககம். ஊராட்சித் தலைவரின் முத்திரையை மட்டும் வைத்து, வயலில் கல் நட்டு, கொடி கட்டி, சாப்பாடு போட்டு விற்றார்கள். வாங்கியவர் ஏமாளி என்று சொல்லி நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் எந்த அலுவலகத்துக்கு எந்த அதிகாரம் என்பது ஒரே இடத்தில், எளிய தமிழில் எழுதி ஒட்டப்பட்டிருந்தால் அந்த முத்திரைக்கு அத்தனை மதிப்பு இருந்திருக்குமா? 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டபோதுதான் பலருக்குத் தங்கள் கையில் இருப்பது என்ன என்று தெரிந்தது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த மனை ஒரே நாளில் விற்க முடியாத மனை ஆயிற்று. பிறகு 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-ஐக் கெடு நாளாக வைத்துப் பழைய மனைகளுக்கு ஒரு வாசல் திறந்தார்கள்.

கட்டிடங்களிலும் இதே கதைதான். 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். விதி மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம், இது ஒரே ஒரு முறை என்றார்கள். பிறகு 2000, 2001, 2002 என்று நீட்டினார்கள். அந்த நீட்டிப்புகள் செல்லாது என்று 2006-இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தியாகராய நகர்க் கடைத்தெருவில் இடிக்கும் இயந்திரங்கள் நின்ற நாட்கள் நினைவிருக்கலாம். 2012-இல் அதே நோக்கத்தோடு 113-சி என்ற பிரிவு வந்தது. மீறியவர்களில் பேராசைக்காரர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஒரு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்று மாடி எழுப்பிய வியாபாரிக்கு விதி தெரியாது என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் பக்க இடைவெளியில் ஓர் அடி குறைந்த சிறு வீட்டுக்காரரும் அதே வரிசையில் நின்றார். அவருக்கும் வியாபாரிக்கும் வித்தியாசம் பார்க்கச் சட்டத்துக்குத் தெரியவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் வந்தன. மாநிலம் முழுமைக்கும் ஒரே புத்தகம். சென்னையானாலும் செங்கோட்டையானாலும் அதே வரையறை, அதே அட்டவணை. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இதற்காக உழைத்த அதிகாரிகளுக்கு யாரும் மாலை போடவில்லை, நானாவது இந்த மேடையில் சொல்லி வைக்கிறேன். 'உயரமான கட்டிடம்' என்றால் என்ன என்பதற்கு ஊருக்கு ஊர் வேறு பொருள் இல்லாமல், 18.30 மீட்டருக்கு மேல் என்று ஒரே கோடு போட்டதே பெரிய நிம்மதி.

இப்போது குறையைச் சொல்கிறேன். தொகுத்த அதே கையோடு மாற்றவும் செய்தார்கள். சாதாரணக் கட்டிடங்களுக்கு 1.5 என்று இருந்த தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று காட்டும், நீங்கள் எஃப்எஸ்ஐ என்று சொல்லும் எண்ணை, 2 ஆக்கினார்கள். உயரமான கட்டிடங்களுக்கு 2.5 என்று இருந்தது 3.25 ஆயிற்று. உயர்த்தியது சரியா தவறா என்பது வேறு வாதம். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தண்ணீர்க் குழாயையும் சாக்கடையையும் பற்றிப் பேச வேண்டும். பரண் ஒழிக்கும்போதே பாத்திரக்காரனைக் கூப்பிட்டுப் பழசைப் போட்டுப் புதுசு வாங்கினால், எது தொலைந்தது, எது மாறியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாமல் போகும். அதுதான் இங்கே நடந்தது. எண்கள் உயர்ந்ததைப் பத்திரிகைகள் தலைப்பாக்கின. மற்றபடி எந்த விதி அப்படியே வந்தது, எது சொல் மாறி வந்தது, எது கைவிடப்பட்டது என்பதைப் பழைய புத்தகங்களைப் பக்கத்தில் விரித்து வைத்து நாமாகத் தேட வேண்டியிருந்தது.

இதைச் செய்ய வேறு வழி உண்டா? உண்டு. பிரிட்டனுக்குள் இருக்கும் வேல்ஸ் நாட்டைப் பாருங்கள். நம் சென்னைப் பெருநகரத்தைவிடக் குறைந்த மக்கள்தொகை. அங்கே திட்டமிடல் சட்டம் 1990-ஆம் ஆண்டின் பெரிய சட்டத்தில் தொடங்கி, 1991, 2004, 2008, 2015 என்று சட்டத்துக்கு மேல் சட்டமாகக் குவிந்திருந்தது. இங்கிலாந்துக்குப் பொருந்தும் பிரிவு எது, வேல்ஸுக்குப் பொருந்தும் பிரிவு எது என்று வழக்கறிஞர்களே தடுமாறினார்கள். சட்ட ஆணையம் இதை ஆராய்ந்து 2018-இல் விரிவான அறிக்கை கொடுத்தது. அடுத்த ஆண்டே வேல்ஸ்காரர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். சட்டங்களை மக்கள் எளிதில் அணுகும்படி வைத்திருக்க, ஒவ்வொரு நாடாளுமன்றக் காலத்துக்கும் அரசு ஒரு திட்டம் தயாரித்தே ஆக வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. நன்றாகக் கவனியுங்கள், அமைச்சருக்கு நல்ல மனசு இருந்தால் செய்யலாம் என்று விடவில்லை, கடமை என்று எழுதிவிட்டார்கள்.

அங்கே தொகுப்பு மசோதாவுக்கென்று மன்றத்தில் தனி நடைமுறை இருக்கிறது. தொகுப்பு என்ற பெயரில் கொள்கையை மாற்றக் கூடாது. மாற்ற வேண்டுமானால் வேறு மசோதா கொண்டு வா என்பார்கள். தொகுப்போடு இரண்டு அட்டவணைகள் வரும். புதிய பிரிவு ஒவ்வொன்றும் எந்தப் பழைய பிரிவிலிருந்து வந்தது என்று ஒன்று. பழைய பிரிவு ஒவ்வொன்றும் எங்கே போனது என்று மற்றொன்று. பார்க்கச் சாதாரண வேலை. நம் 2019 விதிகளோடு இப்படி இரண்டு அட்டவணைகள் வந்திருந்தால், எத்தனை வழக்குகள் முளைக்காமலே போயிருக்கும்! முதலில் வரலாற்றுச் சின்னங்களுக்கான சட்டங்களை எடுத்து 2023-இல் ஒன்றாக்கினார்கள். அடுத்ததாகத் திட்டமிடல் சட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் வெல்ஷ், ஆங்கிலம் இரண்டிலும். இரண்டு பிரதிகளுக்கும் நீதிமன்றத்தில் சம மதிப்பு.

இந்த இடத்தில் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. நம் அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவின்படி, மாநிலச் சட்டம் தமிழில் இயற்றப்பட்டாலும், ஆளுநரின் அதிகாரத்தில் வெளியாகும் ஆங்கிலப் பிரதிதான் அதிகாரபூர்வமானது. அதை நாம் இங்கிருந்து மாற்ற முடியாது. ஆனால் கட்டிட விதிகளின் நல்ல தமிழ்ப் பிரதி ஒன்றை, ஒவ்வொரு திருத்தம் வரும்போதும் அதே நாளில் புதுப்பித்து வைத்திருப்பதை எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. கொத்தனார், மேஸ்திரி, வீட்டுக்காரர் மூவரும் தமிழில்தான் சண்டை போடுகிறார்கள். அவர்கள் சண்டையைத் தீர்க்கும் புத்தகமும் தமிழில் இருக்கட்டுமே.

2019-க்குத் திரும்புகிறேன். ஒரே புத்தகம் வந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்தோம். அன்றிலிருந்து அந்தப் புத்தகத்துக்கும் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. உயரம், குடியிருப்புகளின் எண்ணிக்கை, நிறைவுச் சான்று யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று ஒவ்வொன்றாக. பல திருத்தங்கள் நல்லவை. ஆனால் ஒவ்வொரு திருத்தமும் 'இன்ன விதியில் இன்ன சொல்லுக்குப் பதிலாக இன்ன சொல்லை இடுக' என்ற நடையில்தான் அரசிதழில் வருகிறது. அதைப் படித்து ஒரு மனிதனுக்கு எதுவும் விளங்காது. மூல நூலையும் பத்துத் திருத்தங்களையும் மடியில் வைத்துக்கொண்டு தானே ஒட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஒட்டு வேலையைச் செய்து அச்சிட்டு விற்கும் தனியார் பதிப்பகங்களை நம்பித்தான் நம் வழக்கறிஞர்கள் தொழில் நடத்துகிறார்கள். இன்னொன்றும் நடந்தது. 1998-இல் இயற்றி, 2000-இல் நிறுத்தி வைத்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் உயிர்பெற்றது. பழைய மாநகராட்சி, நகராட்சிச் சட்டங்கள் அதோடு விடைபெற்றன. அதுவும் ஒரு தொகுப்புதான், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 2019 விதிகள் எந்தச் சட்டங்களின் அதிகாரத்தில் பிறந்தனவோ, அவற்றுள் சில இப்போது இல்லை. இது வழக்கறிஞர்களுக்கு விருந்து. வீட்டுக்காரருக்கு?

ஒரே புத்தகத்துக்கு வெளியே நிற்பவையும் நிறைய. கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. அது மத்திய அரசின் ஆவணம். திருவான்மியூர்ப் பக்கம் என்றால் நிலத்தடி நீர் சேகரிப்புப் பகுதிக்கான கட்டுப்பாடு. நில வகைப்பாடு முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில். அந்த வகைப்பாட்டைப் பிறகு மாற்றியிருந்தால் அது ஏதோ ஓர் அரசிதழில். எல்லாவற்றுக்கும் மேலே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு. எந்த நிலத்துக்கும் எந்தக் கட்டிடத்துக்கும் இந்தச் சட்டத்தின் எந்த விதியிலிருந்தும் அரசு விலக்குக் கொடுக்கலாம் என்கிறது அது. விலக்கு ஆணைகள் எந்தத் தொகுப்பிலும் இல்லை. எதிர் வீட்டுக்காரருக்கு எப்படி அனுமதி கிடைத்தது என்று நீங்கள் புத்தகத்தைப் புரட்டினால் விடை கிடைக்காது.

என்னை மிகவும் உறுத்துவது அதே சட்டத்தின் 38-ஆவது பிரிவு நடைமுறையில் படும் பாடு. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முழுமைத் திட்டத்திலோ விரிவான வளர்ச்சித் திட்டத்திலோ உங்கள் மனையின் குறுக்கே ஒரு சாலைக் கோடு போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். பூங்காவாகவும் இருக்கலாம், பள்ளியாகவும் இருக்கலாம். அப்படி ஒதுக்கிய நிலத்தை, திட்ட அறிவிப்பு அரசிதழில் வெளியான மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்த அறிவிப்புச் செய்ய வேண்டும், அல்லது பேசி வாங்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும். சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நிலத்துக்காரருக்கு இதைவிட நியாயமான பிரிவு இந்தச் சட்டத்தில் குறைவு.

நடைமுறை என்ன? வரைபடத்தில் கோடு அப்படியே இருக்கிறது. மூன்று ஆண்டுகள் முடிந்ததும் அதை யாரும் அழிப்பதில்லை. வீட்டுக்காரர் அனுமதிக்கு விண்ணப்பித்தால், மேசைக்குப் பின்னால் இருப்பவர் வரைபடத்தைப் பார்த்து 'உங்க மனையிலே திட்டச் சாலை போகுது' என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. வரைபடம் அப்படித்தான் காட்டுகிறது. வீட்டுக்காரர் பயந்து பாதி விலைக்கு விற்றுவிடுகிறார், அல்லது யார் மூலமாவது 'சரிக்கட்டுகிறார்', அல்லது வழக்கறிஞரைப் பிடித்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுகிறார். நீதிமன்றம் 38-ஐப் படித்து நிலம் விடுபட்டது என்று உத்தரவிடுகிறது. அடுத்த வாரம் அதே கோட்டில் பக்கத்து மனைக்காரர் வருகிறார். அவருக்கும் தனி ரிட். சட்டம் தானாகவே கொடுத்த விடுதலையை ஒவ்வொருவரும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதற்குப் புதிய சட்டமே தேவையில்லை. கெடு முடிந்த ஒதுக்கீடுகளைச் சர்வே எண் வாரியாகப் பட்டியல் போட்டு, வரைபடத்திலிருந்து நீக்கி வெளியிட்டால் போதும். தொகுப்பு என்று நான் சொல்வதில் இதுவும் அடக்கம். சட்டத்தின் சொல்லும் வரைபடத்தின் கோடும் ஒன்றையொன்று மறுக்காமல் இருக்க வேண்டும்.

பொறியாளர் நண்பர்கள் சிலர் எனக்கு மறுப்புச் சொல்வார்கள். 'ஐயா, இப்போது எல்லாம் ஆன்லைன். ஒற்றைச் சாளரம். வரைபடத்தை ஏற்றினால் மென்பொருளே விதியைச் சரிபார்க்கிறது. வீட்டுக்காரர் எதற்கு விதிப்புத்தகம் படிக்க வேண்டும்?' நியாயமான கேள்வி. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையையும் காட்டுவார்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுகிறவர் தானே உறுதிமொழி கொடுத்து உடனே அனுமதி பெறலாம். அலைச்சல் இல்லை, கள ஆய்வுக்குக் காத்திருப்பு இல்லை. நல்ல திட்டம். நானும் பலருக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் சுயசான்று என்றால் என்ன? 'விதிகள் எல்லாவற்றுக்கும் உட்பட்டுக் கட்டுகிறேன்' என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுகிறார். முன்பு தவறினால் 'அதிகாரி பார்த்துத்தானே அனுமதி கொடுத்தார்' என்று ஒரு வாதமாவது இருந்தது. இப்போது பொறுப்பு முழுக்கக் கையெழுத்துப் போட்டவர் தலையில். மனை நீர்நிலைப் புறம்போக்கை ஒட்டியிருக்கிறதா, மனைப் பிரிவு வரன்முறையானதா, திட்டச் சாலைக் கோடு உண்டா என்பதெல்லாம் அவர் அறிந்திருக்க வேண்டியவை. அரசு தன் வேலையைக் குறைத்துக்கொண்டு குடிமகனிடம் பொறுப்பைக் கொடுக்கும்போது, அந்தப் பொறுப்பைச் சுமக்கத் தேவையான புத்தகத்தையும் கையில் கொடுக்க வேண்டாமா? சுயசான்று வந்த பிறகுதான் விதிகளின் தெளிவு முன்னைவிட அவசரமாகிவிட்டது.

வேலைகளைச் சொல்லிவிடுகிறேன். விதிகளின் இன்றைய நிலையை, எந்தத் தேதி வரை திருத்தப்பட்டது என்ற குறிப்போடு, அரசே ஒரே இடத்தில் வைக்க வேண்டும். தனியார் பதிப்பகத்தின் தயவு நமக்கு வேண்டாம். அதற்குச் சட்டப்படி ஒரு கடமையும் ஒரு பொறுப்பாளரும் வேண்டும். இல்லையென்றால் ஒரு செயலாளர் மாறினால் பக்கம் தூங்கிவிடும். தொகுப்பையும் கொள்கை மாற்றத்தையும் பிரித்துச் செய்யட்டும். விலக்கு ஆணைகளும் வகைப்பாட்டு மாற்றங்களும் சர்வே எண்ணைத் தட்டினால் தெரிய வேண்டும். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வீட்டிலிருந்தே எடுக்கும் காலம் வந்துவிட்டது. நில வகைப்பாட்டுக்கு மட்டும் ஏன் தரகரைத் தேட வேண்டும்?

இதையெல்லாம் கேட்க ஒரு நல்ல சமயம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஊர்கள் பல உள்ளே வந்திருக்கின்றன. 2026 முதல் 2046 வரையிலான மூன்றாம் முழுமைத் திட்டத்தில் அந்த ஊர் நிலங்களுக்கெல்லாம் நிறம் தீட்டப்படும். மஞ்சளா, பச்சையா, சாலைக் கோடா என்று. திட்டத்தோடு தனியாக இன்னொரு விதித் தொகுப்பு பிறக்குமானால், 2019-இல் செய்த வேலை பாதி வீண். வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும்போது குறைந்தது இரண்டு மாத அவகாசம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த இரண்டு மாதத்தில் உங்கள் ஊர் வரைபடத்தைப் போய்ப் பாருங்கள். உங்கள் சர்வே எண்ணைத் தேடுங்கள். அதில் கோடு இருந்தால், எந்தப் பிரிவின் கீழ், எப்போது வரை என்று எழுத்தில் கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க இந்த அரங்கில் இருக்கும் இளம் வழக்கறிஞர்கள் முன்வந்தால், வாசலில் என்னைப் பாருங்கள். பெயர்களைக் குறித்துக்கொள்கிறேன்.